கருப்பியின் உண்ணிக் காய்ச்சலும் 1910இன் வேட்டை நாய்களும்

போன மார்கழியில் எங்கள் வீட்டு நாய் கருப்பி இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தது. முதல் நாள் "மழைக் குளிருடா, சரியாயிடும்" என்று சொன்ன அம்மா, இரண்டாம் நாள் மீன் வறுக்கும் வாசனைக்கும் அது தலை தூக்காததைப் பார்த்துவிட்டு, "டேய், இது சாதாரணமா தெரியல. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ" என்றார்.

கருப்பி மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்த நாட்டு நாய். நான்கு வயது, 14 கிலோ. குட்டியாகச் செங்கல்பட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்ற அலட்சியம் எனக்கும் இருந்தது. அந்த ஒரு மாதம் அதைப் போக்கியது.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆகவே இது வைத்தியக் குறிப்பு இல்லை, மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதப் போவதும் இல்லை. நோய்வாய்ப்பட்ட நாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் என்ன செய்ய முடியும், அது ஏன் முக்கியம் என்பதுதான் விஷயம். என் அனுபவத்தில் அதற்கான பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

முதல் நாள்

டாக்டர் பார்த்தபோது ஜுரம் 104.4 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு இயல்பான சூடு நம்மைவிட அதிகம், சுமார் 101 முதல் 102.5 வரை. அதனால் தொட்டுப் பார்த்து "சுடுது" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. காது மடலுக்குள்ளும் கால் விரல்களுக்கு நடுவிலும் உண்ணிகள். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 52,000. இயல்பாக 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரில் கிருமி எதுவும் கண்ணில் படவில்லை.

"உண்ணிக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கு சார். எர்லிக்கியாவா இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் 28 நாள் குடுக்கணும். நடுவுல நல்லாயிடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. வீட்ல தினம் ஜுரம் பார்த்து எழுதி வைங்க" என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சம்பிரதாயமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று.

ஒரு பெயர், இரண்டு நோய்

"கொசுக் காய்ச்சல்" என்று யாராவது சொன்னால் டெங்குவா மலேரியாவா என்று உடனே கேட்போம். "உண்ணிக் காய்ச்சல்" என்றால் யாரும் கேட்பதில்லை. ஆனால் நம் ஊர் நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலிலும் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று எர்லிக்கியா கேனிஸ். இது ஒரு பாக்டீரியா. வெள்ளை அணுக்களுக்குள் குடியிருக்கும். பிளேட்லெட் இறங்கும், ஜுரம் வரும், சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வடியும். ஆரம்பத்திலேயே கவனிக்காவிட்டால் நாய் தேறியதுபோல் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, பின்னால் எலும்பு மஜ்ஜையே அடங்கிப்போகும் நிலைக்குப் போகலாம். இந்தக் கிருமியை முதலில் விவரித்தது 1935இல், அல்ஜீரியாவில். வியட்நாம் போரின்போது, 1960களின் இறுதியில், அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இதனால்தான். அதற்குப் பிறகுதான் உலகம் இதைத் தீவிரமாகக் கவனித்தது. இந்தியாவில் இதன் முதல் பதிவு 1944இல், நம் மதராஸ் பக்கத்திலிருந்து.

இன்னொன்று பெபீசியா கிப்சோனி. இது பாக்டீரியா இல்லை, மலேரியாக் கிருமியைப் போன்ற ஓர் ஒட்டுண்ணி. சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைக்கும். உள்ளே போன ஒட்டுண்ணி உடைப்பது பாதி, "இது நம்முடைய அணு இல்லை" என்று நாயின் எதிர்ப்பு சக்தியே உடைப்பது மீதி. விளைவு ரத்தசோகை.

இந்த இரண்டாவது கிருமியின் கதை எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் மதராஸில் "மதராஸ் ஹண்ட்" என்றொரு வேட்டைக் குழு இருந்தது. நரி வேட்டைக்கென்று நாய்க் கூட்டம் வைத்திருந்தார்கள். அந்த நாய்களின் ரத்தத்தில் அதுவரை யாரும் பார்க்காத ஓர் ஒட்டுண்ணி இருப்பதை டபிள்யூ. எஸ். பேட்டன் என்ற ராணுவ மருத்துவர் 1910இல் அறிவித்தார். பிறகு இங்குள்ள நரிகளின் ரத்தத்திலும் அதே கிருமி கிடைத்தது. பேட்டன் வேலை பார்த்தது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில். பூச்சிகளும் உண்ணிகளும் பரப்பும் நோய்களைப் பற்றி 1913இல் க்ராக் என்பவரோடு சேர்ந்து ஒரு பாடநூலே எழுதியவர்.

இன்று ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் பேசப்படும் ஒரு நாய் நோய், முதலில் அடையாளம் காணப்பட்டது நம் ஊர் நாய்களிடம்! செங்கல்பட்டிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் சென்னைக்குப் போகும்போது கிண்டியை எத்தனை முறை தாண்டியிருக்கிறேன், ஒரு நாளும் தெரியாது.

இந்தச் சரித்திரத்தில் நமக்கு ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. இரண்டையும் பரப்புவதாக நம் ஊரில் கருதப்படுவது ஒரே பழுப்பு நாய் உண்ணிதான். ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்தே வரலாம். ஆனால் எர்லிக்கியாவுக்கான டாக்ஸிசைக்ளின் தனியாகப் பெபீசியா கிப்சோனியைத் தீர்க்காது. அதோடு இந்த ஒட்டுண்ணி மிகச் சிறியது. ரத்தத்தில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் முதல் ஸ்மியரில் தப்பிவிடும்.

நோட்டில் என்ன எழுதினேன்

எங்கள் தொழிலில் ஒரு சர்வர் படுத்துவிட்டால் முதலில் கேட்பது "லாக் எங்கே?" என்றுதான். நாய் வாய் திறந்து சொல்லாது. தவிர, பலவீனத்தை மறைப்பதில் கெட்டிக்காரப் பிராணி அது. டாக்டரைப் பார்க்கும் பத்து நிமிடம் பயத்தில் எழுந்து நின்று வாலைக்கூட ஆட்டும். மீதி நேரம் அதைப் பார்ப்பது நாம்தான்.

காலை, இரவு இரண்டு வேளையும் எழுதியவை இவை:

சூடு. எலக்ட்ரானிக் தெர்மாமீட்டர், நுனியில் கொஞ்சம் வாசலின், ஆசனவாயில் ஓர் அங்குலம். ஒருவர் தலைப்பக்கம் பேசிக்கொண்டிருந்தால் ஒரு நிமிட வேலை. அந்தத் தெர்மாமீட்டர் நாய்க்கு மட்டும்தான்.

தூங்கும்போது மூச்சு. விலா ஏறி இறங்குவது ஒரு கணக்கு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். நன்றாகத் தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும்.

ஈறின் நிறம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். கருப்பிக்கு ஈறு பாதி கறுப்பு. அதனால் கீழ்க் கண் ரப்பையின் உட்பக்கத்தையும் பார்த்தேன். எப்போதும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

சிறுநீரின் நிறம், எத்தனை முறை, மலம், வாந்தி.

குடித்த தண்ணீர், சாப்பிட்ட அளவு. "கொஞ்சம் சாப்பிட்டது" என்று எழுதக்கூடாது. கிராம் கணக்கு.

எடை. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நான் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்வேன். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் இதுவும் வேண்டும்.

ஐந்தாம் நாள்

மூன்றாம் நாள் ஜுரம் 102.4க்கு இறங்கியது. கருப்பி எழுந்து வந்து தயிர்சாதம் சாப்பிட்டது. அம்மா மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம்.

நோட்டு மட்டும் சந்தோஷப்படவில்லை. தூக்கத்தில் மூச்சு முதல் நாளிலிருந்து வரிசையாக 26, 24, 26, 31. ஐந்தாம் நாள் இரவு 38. வெயில் இல்லை, ஓடவில்லை, ஜுரமும் பெரிதாக இல்லை. பிறகு ஏன் மூச்சு ஏறுகிறது? டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் ரப்பை வெளுத்திருந்தது. அன்று மாலை போன சிறுநீர் லேசான டிகாஷன் நிறம் என்று அம்மா சொன்னதை எழுதி மட்டும் வைத்திருந்தேன், யோசிக்கவில்லை.

மறுநாள் காலை டாக்டர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜுரம் இறங்குது, மூச்சு ஏறுது. யூரின் கலர் மாறுது. ரத்தம் உடையுது சார். இன்னொண்ணும் சேர்ந்திருக்கு."

இந்தக் கணக்கு எளிமையானது. ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பு அணு. அது குறைந்தால் இருக்கிறதை வைத்து ஈடுகட்ட இதயமும் நுரையீரலும் வேகமாக ஓட வேண்டும். உடைந்த அணுக்களின் நிறமி சிறுநீரில் இறங்கும். ரத்தசோகைக்கு வீட்டிலேயே இருக்கும் மீட்டர் தூங்கும் நாயின் மூச்சுதான்.

இந்த முறை காது நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஸ்மியர் பார்த்தார்கள். நுண்குழாய் ரத்தத்தில் இந்தக் கிருமி சிக்கும் வாய்ப்பு அதிகமாம். சிவப்பு அணுக்களுக்குள் சின்னச் சின்ன வளையங்கள். ரத்தத்தில் சிவப்பு அணுக்களின் பங்கைச் சொல்லும் பிசிவி என்ற அளவு, நாய்க்கு 37க்கு மேல் இருக்க வேண்டியது, முதல் நாள் 33 இருந்தது, இப்போது 18.

"இதுக்குக் கீழ போய், நாய் தள்ளாட ஆரம்பிச்சா ரத்தம் ஏத்தணும். வேப்பேரிக்குக் கெளம்பத் தயாரா இருங்க" என்றார். வேப்பேரியில் இருப்பது 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே நாய்களுக்கு ரத்த வங்கி உண்டு. அன்றிரவு காரில் பெட்ரோல் போட்டு, ஒரு பழைய போர்வையைப் பின்சீட்டில் விரித்து வைத்துவிட்டு, மணிக்கொரு தடவை மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 38, 40, 40, 38. விடியும்வரை அதற்கு மேல் போகவில்லை.

தட்டில் நடக்கும் வைத்தியம்

புதிய மருந்து அடோவாகுவோன், கூடவே அசித்ரோமைசின், 10 நாள். முதலாவது மனிதர்களின் மலேரியாவுக்கான மருந்து. விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைக்காது. நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். டாக்ஸிசைக்ளினும் தொடர வேண்டும்.

மருந்து வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். மீதிப் பாதி சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. அடோவாகுவோன் கொழுப்போடு போனால்தான் உடம்பில் சேரும், வெறும் வயிற்றில் கொடுத்தால் பெரும்பகுதி வீண். டாக்ஸிசைக்ளினோ பால், தயிர், கால்சியம் டானிக் இவற்றோடு போனால் முழுதாகச் சேராது. அதோடு அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் புண்ணாக்கிவிடும், கூடவே சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போக வேண்டும். நம் வீடுகளில் மாத்திரை என்றாலே தயிர்சாதத்தில் உருட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். முதல் ஐந்து நாள் நாங்களும் அப்படித்தான் செய்திருக்கிறோம்.

அடோவாகுவோன் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை 6, மதியம் 2, இரவு 10. டாக்டரைக் கேட்டு, கோழித் துணுக்கில் ஒரு சின்ன ஸ்பூன் நெய் விட்டுக் கொடுத்தோம். டாக்ஸிசைக்ளின் காலை 8, இரவு 8, தயிர் கலக்காத கோழிச் சாதத்தோடு. கருப்பிக்கு உயிரான தயிர்சாதம் நண்பகலுக்கு மாறியது. 2 மணி வேளையை அம்மா ஏற்றுக்கொண்டார். பத்து நாளில் 30 வேளை, நோட்டில் 30 டிக். ஒரே ஒரு வேளை வாந்தி எடுத்தது. அதையும் நேரம் போட்டு எழுதி, டாக்டருக்குப் போன் செய்தேன்.

எவ்வளவு சாப்பாடு? ஓய்வில் கிடக்கும் நாய்க்குத் தேவையான சக்திக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. எடையின் முக்கால் அடுக்கை 70ஆல் பெருக்க வேண்டும். 14 கிலோவுக்குச் சுமார் 507 கலோரி. 200 கிராம் சாதமும் 150 கிராம் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியும் ஏறக்குறைய அந்தக் கணக்கு. ஒரே வேளையில் இறங்காது, ஆறு பங்காகப் பிரித்தோம். லேசாகச் சூடு செய்தால் வாசனை எழும்பும், மூக்கு வேலை செய்தால் வாய் திறக்கும். தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவு. குடிக்காத நேரத்தில் ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாக, சிறிது சிறிதாக. தொண்டைக்கு நேராகப் பீய்ச்சக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். மயங்கிக் கிடக்கும் நாய்க்கு வாய்வழியாக எதுவுமே ஊற்றக்கூடாது.

அன்பால் செய்யும் கெடுதல்கள்

வெங்காயம், பூண்டு. இவை நாயின் சிவப்பு அணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் மாறாது. ஏற்கெனவே ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் நாய்க்குத் "தெம்பா இருக்கட்டும்" என்று குழம்பு ஊற்றிய சோறோ பிரியாணியோ வைப்பது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான். கோழியை உப்பு, மசாலா, வெங்காயம் இல்லாமல் தனியாக வேகவையுங்கள்.

நம் ஜுர மாத்திரைகள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைத் தாக்கும், ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் வயிற்றில் புண் உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கக் கூடியவை. பிளேட்லெட் இல்லாத நாய்க்கு அது நிற்காது.

பப்பாளி இலைச் சாறு. டெங்கு ஞாபகத்தில் அம்மா அரைத்தே வைத்துவிட்டார். "பிளேட்லெட்டை இறக்குற கிருமி போனா அதுவே ஏறிடும்மா. கசப்பை வாயில ஊத்தினா சோறும் சாப்பிடாது" என்று சொல்லித்தான் தடுத்தேன்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய். நக்கினால் விஷம். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் உள்ள டப்பாவில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம்.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத நேரம்

இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். தடுப்பூசி போடாத நாய், அல்லது தெரு நாய், எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குணம் மாறியிருந்தால் வெறிநோயாக இருக்கலாம். வாயில் கை விடாதீர்கள், மருந்து புகட்டாதீர்கள், விலக்கி வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியை ஆரம்பியுங்கள்.

அடுத்தது, ஈறும் கண்ணும் மஞ்சளாக இருந்தால் எலிக்காய்ச்சலும் ஒரு சந்தேகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரித் தண்ணீரும் எலி வளைத் தண்ணீரும் ஒன்றாகத் தெருவில் ஓடும் ஊர்கள் நம்முடையவை. அந்த நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் தொற்றும். கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் நோய் எதுவென்று தெரியும்வரை அப்படித்தான் செய்தோம்.

சுவரில் இருக்கும் நோய்

நாயின் மேல் தெரியும் உண்ணி நோயின் ஒரு பகுதிதான். பழுப்பு நாய் உண்ணி குஞ்சு, இளம் பருவம், பெரியது என ஒவ்வொரு பருவத்திலும் நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து சுவர் இடுக்கில் ஒளியும். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடும். பெரிய உண்ணி ரத்தம் இல்லாமலே ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலம் இதன் வேகத்தைக் குறைக்கும். நம் கடற்கரையில் தை மாதக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

கருப்பி படுக்கும் கோணியைத் தூக்கினால் அடியில் முட்டைக் குவியல், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே வரிசையாக உண்ணிகள். கோணியை எரித்தோம், இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம், நாய்க்கு டாக்டர் சொன்ன உண்ணி மாத்திரை. அந்த மாத்திரை உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும். எர்லிக்கியா கடித்த சில மணி நேரத்திலேயே உள்ளே போகக்கூடியது. ஆகவே மாத்திரையோடு நிறுத்தாமல் வீட்டையும் பார்க்க வேண்டும், அதுவும் தொடர்ந்து மூன்று மாதமாவது.

இப்போது

எட்டாம் நாள் பிசிவி 17. பத்தாம் நாள் 21. பதினாறாம் நாள் 29. வேப்பேரிக்குப் போக வேண்டிவரவில்லை. 28 நாள் மாத்திரை முடிந்தபோது பிளேட்லெட் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

பெபீசியா கிப்சோனி முழுதாகப் போனதா என்பதை ஸ்மியரில் மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. தேறிய நாயின் உடம்பில் அது அடங்கிக் கிடந்து, வேறு நோயோ அறுவை சிகிச்சையோ வரும்போது தலை தூக்கலாம். அதனால் கருப்பி இனி எந்த நாய்க்கும் ரத்தம் கொடுக்கக்கூடாது. எங்கே வைத்தியத்துக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை இரவு அது தூங்கிய பிறகு மூச்சை எண்ணுவதை விடவில்லை. போன வாரம் 18. அம்மாவும் தனியாக ஒரு தடவை எண்ணி, "எனக்குப் பத்தொம்போது வருதுடா" என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.